கதவோரம் உட்காருங்கள்: றொசல்லவில் மூன்று நாட்கள்

நாவலப்பிட்டியை விட்டுப் புறப்பட்டதும் புகையிரதத்தின் சத்தம் மாறிவிடும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி, அதன் பின் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கும். கலபொட, வட்டவளை என்று நிலையங்களைத் தாண்டி, ஹற்றனுக்குச் சற்று முன்னால் வரும் சிறிய நிலையம்தான் றொசல்ல. 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த இந்தப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, தேயிலை தலையெடுத்த காலம் அது. பாதையின் இரு பக்கமும் மலைச்சரிவுகளில் அந்தத் தேயிலையை நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அதே மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள்.

2024ஆம் ஆண்டு யூன் மாதம் நான் அங்கே இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. மழை என்று சொல்வதும் சரியில்லை. வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே மழை நிற்பதுதான் செய்தி. வன்னியின் வெயிலில் வளர்ந்த எனக்கு, உடுத்த துணி காயாமலே மூன்று நாட்கள் இருக்கலாம் என்பது புது அனுபவம்.

நான் சுற்றுலாவுக்குப் போகவில்லை. தோட்டங்களில் வீடு வீடாகச் சென்று குடும்பங்களைச் சந்திக்கும் பெண்கள் சிலருடன் மூன்று நாட்கள் இருந்து, அவர்கள் தங்களை எவ்வாறு பாதுகாத்துக்கொள்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். முன்பள்ளி ஆசிரியை, பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவர், தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் என்று பலரும் அதில் இருந்தனர். கணவன் அடிக்கிறான், பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லை, வீட்டில் சாப்பாடு இல்லை என்று தகவல் வந்தால் முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பவர்கள் இவர்கள்தான். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதே வேலையைச் செய்யும் சகோதரிகள் பலர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்கள். கணவனை இழந்த பின் இந்த வேலையால் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆகவே றொசல்லவில் நான் கண்டதையும் கேட்டதையும் உங்களுக்காக எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருப்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

லயக்காம்பராவின் ஒரே கதவு

புதிய தனிவீடுகள் கட்டப்பட்டு வந்தாலும், தோட்டங்களில் இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன. வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட அறைகள். முன்னால் ஓர் இஸ்தோப்பு. உள்ளே ஒரு காம்பரா, அதன் மூலையிலோ பின்னாலோ அடுப்படி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயன்களில் பின்பக்கம் போக வழியே இல்லை. உள்ளே போகும் கதவுதான் வெளியே வரும் கதவும்.

நாங்கள் சமூகவியலில் ‘வாழிடமும் சமூக உறவும்’ என்று படித்தவை எல்லாம் அந்த ஒரு கதவில் அடங்கியிருப்பதைக் கண்டேன். சுவர் மெல்லியது. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமினால் இங்கே கேட்கும். அடி விழுந்தாலும் கேட்கும். உதவிக்கு ஆள் உண்டு என்பது ஒரு பக்கம். இரகசியமாக எதையும் பேச முடியாது என்பது மறுபக்கம். களப்பணியாளரிடம் மனைவி மெதுவாகச் சொன்ன வார்த்தை, அவள் சொல்லி முடிக்கும் முன்னே லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போய்விடும்.

இன்னுமொன்றையும் அங்கேதான் கவனித்தேன். பல வீடுகளில் கவ்வாத்துக் கத்தி கதவருகே கூரை இடுக்கில் செருகப்பட்டிருக்கும். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் கூரிய கத்தி அது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அங்கே வைக்கிறார்கள். தொழிற்கருவிதான். ஆனால் கோபத்தில் வாசலில் நிற்கும் ஆணின் கை முதலில் போகும் இடமும் அதுவே.

ஒரு சனிக்கிழமை மாலை

அந்தக் குழுவில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தங்கை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நேர்ந்ததை அவளே எங்களுக்குச் சொன்னாள்.

பத்து வயதுப் பிள்ளை ஒன்று பாடசாலைக்கு வரவில்லை என்று ஆசிரியை அறிவித்திருந்தார். சம்பளம் கொடுத்த மறுநாள், சனிக்கிழமை பின்னேரம் இவள் தனியாக அந்த லயத்துக்குப் போனாள். தாய் அன்பாகக் கூப்பிட்டு, உள்ளே அடுப்பருகே பலகை போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். வெளியே மழை. பேசிக்கொண்டிருக்கும்போது கணவன் வந்துவிட்டான். நனைந்திருந்தான், குடித்திருந்தான். கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

“யாருங்க ஒங்கள இங்க வரச் சொன்னது? எம் பொண்டாட்டிய கெடுக்கவா வந்தீங்க?”

இவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சண்டைக்கு எழுந்ததாக அவன் நினைக்கலாம் என்று தோன்றியதாம். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் அவன் பார்க்கும்படி வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, புள்ள ஸ்கூலுக்கு வரலைன்னு டீச்சர் சொன்னாங்க. அதத்தான் கேக்க வந்தேன். நீங்களும் வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு.”

“இவ என்னா சொன்னா ஒங்ககிட்ட?”

“புள்ளயோட படிப்பப் பத்தித்தான் அண்ணே பேசிக்கிட்டு இருந்தோம். நீங்க தொப்பையா நனைஞ்சு வந்திருக்கீங்க. மொதல்ல தலயத் தொடைங்க. நான் இஸ்தோப்புல இருக்கேன்.”

துவாயை எடுக்க அவன் இரண்டு அடி உள்ளே வந்தான். கதவு விட்டது. இவள் அவனுக்கு முதுகைக் காட்டாமல், ஓடாமல், மெதுவாக வெளியே வந்தாள். அடுத்த காம்பரா அக்கா தன் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒன்றாகப் படியிறங்கினாள்.

இதுவரை கேட்டுவிட்டு எல்லோரும் கைதட்டினோம். அவள் அழத் தொடங்கினாள். அன்றிரவு அந்தப் பெண்ணின் கை முறிந்தது. “மிஸ்கிட்ட என்னடி சொன்ன?” என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறான்.

அறையில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. அந்தத் தங்கை அந்த வீட்டில் செய்தது அத்தனையும் சரியானது. அவளுடைய உயிரை அது காத்தது. ஆனால் நாங்கள் வெளியேறிய பின்னும் கதவு மூடப்படுகிறது, உள்ளே ஒருத்தி இருக்கிறாள். எங்களுடைய பாதுகாப்பையும் அவளுடைய பாதுகாப்பையும் வேறுவேறாக வைத்துத் திட்டமிட முடியாது. அந்த மூன்று நாட்களும் நாங்கள் பேசியது இதைச் சுற்றியே.

போவதற்கு முன்

முதலாவது கேள்வி: அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டுமா? மலையில் வேலை செய்யும் தாய் ஒரு நாளில் எங்கெல்லாம் போகிறாள் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். காலையில் பிரட்டுக்களம், பிறகு மலை, கொழுந்து நிறுக்கும் இடம், பால் கொடுக்கப் பிள்ளை மடுவம், மாதத்தில் ஒரு நாள் கிளினிக், ஞாயிற்றுக்கிழமை கோயில் அல்லது கடைத்தெரு. இவற்றில் பிள்ளை மடுவமும் கிளினிக்கும் கணவன் கூட வராத இடங்கள். அங்கே ஒரு பெண் மற்றொரு பெண்ணோடு பத்து நிமிடம் பேசினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அடிபடும் பெண்ணிடம் அடியைப் பற்றிக் கேட்பதற்கு அவளுடைய வீடு கடைசி இடமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், நாளைப் பார்க்க வேண்டும். பத்தாந் தேதியை ஒட்டி வரும் சம்பள நாளும் அதன் மறுநாளும் வேண்டாம். பின்னேரம் வேண்டாம். மழைக்காலத்தில் நாலு மணிக்கே மலையில் மூடுபனி இறங்கிவிடும். இருட்டில் வழுக்கும் படிகளில் ஓடி இறங்க முடியாது. போயா நாளில் மதுக்கடைகள் மூடியிருக்கும். அதை நம்பியும் போகக்கூடாது, கசிப்புக்குப் போயா கிடையாது. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணமே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் எத்தனை வீடுகளை மண்ணோடு கொண்டுபோனது என்பதை நாம் கண்டோம்.

இருவராகப் போக வேண்டும். ஒருவர் பேசுபவர், மற்றவர் பார்ப்பவர். பார்ப்பவர் பேச்சில் சேரமாட்டார். கதவையும் முகங்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய வேலை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை அலுவலகப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பும் நேரம் தாண்டினால் யார் தொலைபேசி எடுப்பது, அதற்கும் பதில் இல்லையென்றால் யாரிடம் சொல்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை எந்த வளைவோடு அறுந்துபோகிறது என்பதையும் அந்தப் பெண்கள் தங்கள் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள்.

ஆபத்தென்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத நேரத்துக்கு ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். “பச்சைக் கோப்பை மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்” என்று அலுவலகத்துக்குச் சொன்னால், உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்று பொருள். அந்த அலுவலகத்தில் பச்சைக் கோப்பே கிடையாது.

உடுப்பும் இதில் அடங்கும். கழுத்தைச் சுற்றிய சால்வையைப் பிடித்து இழுக்கலாம். குதியுயர்ந்த செருப்பு லயத்துப் படிக்கு ஆகாது. கோப்புகளும் மற்றக் குடும்பங்களின் பெயர் விபரமும் பையில் இருக்கக்கூடாது. பையைப் பறித்தால் பத்துக் குடும்பங்களின் இரகசியம் போய்விடும்.

வாசலிலும் உள்ளேயும்

வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அழைக்காமல் உள்ளே போகக்கூடாது. ஏழையின் வீட்டுக்கு அனுமதியில்லாமல் நுழையலாம் என்ற எண்ணமே பல கோபங்களுக்குக் காரணம். காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள், குரல் எப்படி இருக்கிறது, நாய் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

உட்காரும் இடம் கதவோரம். “உள்ள வாங்க மிஸ்” என்று அன்பாக அழைத்தாலும், “இங்க காத்து நல்லா இருக்கு அக்கா, இங்கேயே இருக்கேன்” என்று இஸ்தோப்பிலேயே இருந்துவிடலாம். கொடுக்கும் தேத்தண்ணியை மறுக்க வேண்டியதில்லை. மறுத்தால் மனம் நோகும். செருப்பை வெளியே கழற்றும்போது முன்பக்கம் வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பது அங்குள்ள பெண்களின் பழக்கம்.

ஒருவருக்குக் கோபம் ஏறுவதை உடம்பு முதலில் சொல்லும். பேச்சு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும். மூச்சு வேகமாகும். கைவிரல்கள் மடங்கும். நடந்துகொண்டே இருப்பார், அல்லது திடீரென்று அசையாமல் நின்றுவிடுவார். சத்தம் போட்டவர் சட்டென்று அமைதியாவதைத் தணிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை குறைவு. ஆனால் அவை பழகினால்தான் வரும். அவருக்கும் நமக்கும் இடையில் இரண்டு கைநீளத் தூரம் இருக்கட்டும். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைகள் வெறுமையாக, தெரியும்படி இருக்க வேண்டும். விரல் நீட்டக்கூடாது, தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லக்கூடாது. குரல் அவருடையதைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். வசனம் சிறியதாக இருக்க வேண்டும். குடித்தவருக்கு நீண்ட விளக்கம் ஏறாது, வாதம் எரிச்சலை மட்டுமே தரும். “கோபப்படாதீங்க” என்பது எவருடைய கோபத்தையும் தணித்ததில்லை. “இத்தன பேர் முன்னால பேசுறது ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கு, எனக்கு விளங்குது அண்ணே” என்று சொன்னால் காது திறக்கும். கட்டளை இடுவதை விட்டு, “இப்பப் பேசுவமா, இல்ல திங்கக்கிழமை காலையில நீங்க ஆபீசுக்கு வர்றீங்களா?” என்று இரண்டு வழி காட்டலாம். மனிதனுக்கு மானத்தோடு பின்வாங்க ஒரு வாசல் வேண்டும். ஊர் பார்க்க அவனைத் தோற்கடித்தால், அந்தத் தோல்வியின் கணக்கை அவன் இரவில் மனைவியிடம் தீர்ப்பான்.

மூன்று விஷயங்களில் அந்தப் பெண்கள் மிக உறுதியாக இருந்தார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் போய் நிற்கக்கூடாது. மனைவி சொன்ன எதையும் கணவனிடம் திருப்பிச் சொல்லக்கூடாது. ஆயுதம் கையில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, வெளியேறிவிட வேண்டும். வெளியே வந்ததும் 119க்கு அழைப்பதும், லயத்தாரைக் கூட்டுவதும் கோழைத்தனமல்ல. பிணமாகக் கிடக்கும் பணியாளரால் யாருக்கும் உதவ முடியாது.

இது மனைவிக்குரிய பாடமல்ல

இரண்டாம் நாள் இதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: “இதையெல்லாம் அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா அவ அடி வாங்காம இருக்கலாமே?”

நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் இங்கே நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கோபம் தணிக்கும் இந்த முறைகள் ஒரு மணி நேரத்துக்காக ஒரு வீட்டுக்கு வந்து, பத்திரமாக வெளியேற வேண்டிய பணியாளருக்கானவை. அந்த வீட்டிலேயே வாழும் பெண் ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் குரலைத் தாழ்த்தித்தான் வாழ்கிறாள். சோற்றில் உப்புக் குறையாமல் பார்க்கிறாள், பிள்ளையை அழவிடாமல் பார்க்கிறாள், அப்படியும் அடி விழுகிறது. அவளிடம் போய் ‘நீ பேசும் விதத்தை மாற்று’ என்றால், அடிப்பவனின் பொறுப்பை அவள் தலையில் ஏற்றுகிறோம்.

அவளுக்கு வேண்டியது வேறு. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிபட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் 14 நாட்கள் வரையிலான இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையிலான பாதுகாப்புக் கட்டளையும் வழங்கப்படலாம். உடம்பில் காயம் இருந்தால்தான் என்றில்லை, மனதை வதைக்கும் கொடுமையும் இச்சட்டத்தில் அடங்கும். கட்டளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்கும்படி சமூக சேவையாளர், உளவளத்துணையாளர், குடும்ப சுகாதாரப் பணியாளர் போன்றோரை நீதிமன்றம் பணிக்கவும் முடியும். அதாவது சட்டமே நம்மை அந்த வாசலுக்கு அனுப்புகிறது.

எந்த வீட்டில் ஆபத்து மிக அதிகம் என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. ஜக்லின் கம்பெல் என்ற அமெரிக்கத் தாதியியல் அறிஞர் 1980களில் இதற்கென ஒரு கேள்விக்கொத்தை உருவாக்கினார். உலகின் பல நாடுகளில் அது பயன்படுகிறது. கழுத்தை நெரித்திருக்கிறானா, ஆயுதம் காட்டி மிரட்டினானா, கொன்றுவிடுவேன் என்கிறானா, அடி அண்மையில் கூடியிருக்கிறதா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, அவள் பிரிந்துபோக முயன்றாளா என்பவை அதில் முக்கியமானவை. பிரிய முடிவெடுக்கும் நாட்களே மிக ஆபத்தான நாட்கள். ஆகவே ‘விட்டுவிட்டு வா’ என்று எளிதாகச் சொல்லக்கூடாது. எங்கே போவது, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கே, யார் வீட்டில் ஒரு மாற்று உடுப்பு இருக்கும் என்பவற்றை முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும்.

விளக்கு வைத்த பின் ஊசி

மூன்றாம் நாள் பிள்ளை மடுவத்தில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். அவருடைய பெற்றோர் மலையகத்தில் பிறந்தவர்கள். 1977 வன்செயலின் பின் உயிர் தப்பி வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ என்பது நமக்குத் தெரியும். அக்கா அங்கேயே வளர்ந்து, திருமணம் செய்து, 2009இல் கணவனை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக இடமில்லை. தகப்பனின் உறவினர் ஒருவர் இங்கே லயத்தில் இருந்தார். தப்பி ஓடிய மலைக்கே முப்பது வருடத்தின் பின் பிள்ளைகளோடு திரும்பி வந்தார்.

எங்கள் பயிற்சியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “சென்றியில நிண்டு பழகினவைக்கு நீங்கள் என்ன பிள்ளை புதுசாப் படிப்பிக்கப் போறியள்? கையை வெளியில வைக்கிறது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுறது, கண்ணை உருட்டாமல் பாக்கிறது எல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு.” பிறகு குரல் இறங்கிச் சொன்னார்: “ஆனா ஒண்டு. அங்க நான் தனிச்சு நிக்கேல்ல. வரிசையில எனக்கு முன்னாலயும் பின்னாலயும் சனம் நிண்டது. அதாலதான் தப்பினம்.”

அந்த அக்கா செய்திருந்த வேலை அதுதான். தன் லயத்துப் பெண்களுக்கு ஒரு வரிசையை உண்டாக்கியிருந்தார். ஆபத்து என்றால் அடையாளம் காட்ட என்ன செய்யலாம் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். கொடியில் சிவப்புத் துணி போடலாம் என்றார் ஒருவர். றொசல்லவில் யூன் மாதம் கொடியில் துணி கிடந்தால் அதைப் பார்க்க ஊரே கூடும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஊசியைத் தெரிந்தெடுத்தார்கள். விளக்கு வைத்த பின் ஊசி கேட்பதும் கொடுப்பதும் நம் வழக்கத்தில் இல்லை. ஆகவே இருட்டிய பின் ஒரு பிள்ளை வந்து “அம்மா ஊசி கேட்டாங்க” என்றால், உடனே மூன்று வீட்டுப் பெண்கள் அந்த வீட்டு இஸ்தோப்புக்குப் போவார்கள். சண்டை பிடிக்கமாட்டார்கள். பால்மா இருக்கிறதா, நாளைக்கு எந்த மலையில் வேலை என்று ஏதாவது பேசிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கும் கண்கள் இருக்கும்போது பல கைகள் இறங்கிவிடுகின்றன. எல்லாக் கையும் இறங்காது. அதற்காகவே ஒருத்தி பொலிஸ் இலக்கத்தைத் தயாராக வைத்திருப்பாள்.

கை முறிந்த பெண்ணுக்கு அந்த லயத்தார்தான் துணைநின்றார்கள். பிள்ளை மடுவத்தில் பல நாள் பேசிய பின், அவளே முடிவெடுத்து நீதிமன்றம் போனாள். நான் போன சமயம் பாதுகாப்புக் கட்டளையோடு தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளை மீண்டும் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தது. கணவன் இடைக்கிடை வந்து கீழ் ரோட்டில் நிற்பதாகவும் சொன்னார்கள். கதை முடிந்துவிட்டது என்று நான் எழுத முடியாது.

அனுப்புபவர்களின் கடமை

துணிச்சல் மட்டும் நம்மைக் காக்காது. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் பன்வாரி தேவி என்ற கிராமத்துப் பெண், அரசாங்கத்தின் பெண்கள் அபிவிருத்தித் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற களப்பணியாளராக இருந்தார். 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. அதற்குப் பழிவாங்க அவர்மீது கூட்டுப் பாலியல் வன்முறை நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களை 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் பெண்கள் அமைப்புகள் கேட்ட கேள்வி நிற்கவில்லை. வேலைக்காக அனுப்பியவர்களுக்கு அவளைக் காக்கும் பொறுப்பு இல்லையா? அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் ‘விசாகா’ வழிகாட்டல்களைத் தந்தது. 2013இல் வேலைத்தளப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமும் வந்தது.

வசதியுள்ள நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பொனி பிரெடெரிக் என்ற 67 வயது சமூக சேவை உதவியாளர், 2006இல் ஒரு குழந்தையைத் தாயிடம் காட்ட அழைத்துச் சென்ற வீட்டில் கொல்லப்பட்டார். தனியாகத்தான் போயிருந்தார். அடுத்த ஆண்டே பணியாளர் பாதுகாப்புக்காக அவர் பெயரில் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம், வேலைக்காகச் செய்யும் பயணமும் வேலைத்தளம்தான் என்கிறது. லயத்துப் படியும், வன்னியில் குளக்கட்டு ஓரப் பாதையும் நம் வேலைத்தளங்கள் என்பதே அதன் பொருள்.

ஆகவே உங்களை அனுப்பும் நிறுவனத்திடம் கேளுங்கள். இருவராகப் போக ஆள் தருவீர்களா? திரும்பாவிட்டால் தேடுவது யார்? தொலைபேசிக் கட்டணமும் ஓட்டோச் செலவும் யார் பொறுப்பு? மிரட்டப்பட்டால் எழுதி வைக்கப் புத்தகம் உண்டா? பயந்துபோய் வந்த நாளில் உட்கார்ந்து பேச ஒருவர் உண்டா? ‘எனக்குப் பயமாக இருக்கிறது, இன்று போகமாட்டேன்’ என்று ஒருத்தி சொன்னால், அவளுடைய வேலைக்கு ஆபத்து வராது என்று உறுதி தருவீர்களா? தொண்டு என்ற பெயரில் இவற்றைக் கேட்காமல் விடுவது நம்மில் பலருடைய பழக்கம். சம்பளம் குறைவாக இருக்கலாம். அதற்காக உயிரும் மலிவாகிவிடாது.

சகோதரிகளே, இவ்விலக்கங்களை எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். வேலைக்குப் போகும் வீடுகளிலும் சொல்லிக் கொடுங்கள். பெண்களுக்கான உதவிச் சேவை 1938. சிறுவர் உதவிச் சேவை 1929. அவசரப் பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990. பல அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கான பிரிவு இருக்கிறது. காயத்துக்கு மருந்து எடுக்கப் போகும் பெண் அங்கேயே மனம்விட்டுப் பேசவும் முடியும்.

அடுத்த முறை நீங்கள் ஒரு வீட்டுக்குப் புறப்படும் முன், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் சக பணியாளர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால், அந்த நேரத்தில் மறக்காமல் அவருக்குத் தொலைபேசி எடுங்கள்.